கோடையில் இரைப்பு, குளிரில் கறுக்கும் கொண்டை: அறிகுறி பார்த்துக் கோழிக்கூட்டின் குறையைக் கண்டுபிடிப்பது

இந்தக் குறிப்பு இரண்டு வகையானவர்களுக்கு. கூடு வாங்கிவிட்டு, கோழிகளுக்கு ஏதோ ஒத்துவரவில்லையே என்று தவிப்பவர்கள் தங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை நேராகப் போய்ப் படிக்கலாம். இன்னும் வாங்காதவர்கள் முழுவதையும் படியுங்கள். பிறர் கூட்டில் வருகிற ஒவ்வொரு கோளாறும் உங்களுக்கு வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி.

முதலில் கோழியின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம். அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். வியர்வைச் சுரப்பி கிடையாது. வெப்பத்தை வெளியேற்ற அதற்கு இருக்கும் வழிகள் கொண்டை, தாடி, கால், பிறகு வாய் திறந்து இரைப்பது. 18 முதல் 24 டிகிரி வரை வளர்ந்த கோழி சௌகரியமாக இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் சிரமப்படத் தொடங்கும். 35-க்கு மேல் போனால், அதுவும் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், உயிருக்கே ஆபத்து. குளிரில் நிலைமை வேறு. உடம்பு முழுக்க இறகுப் போர்வை இருப்பதால், உலர்ந்திருக்கும்வரை உறைநிலைக்குக் கீழேயும் நன்றாகத் தாங்கும். கோடையில் கோழியைக் கொல்வது சூடு. குளிர்காலத்தில் வாட்டுவது பெரும்பாலும் ஈரம். இந்த இரண்டையும் வெளியேற்றும் வாசல் ஒன்றே, கூரைக்கு அடியில் இருக்கும் காற்றுவழி. வெயிலும் குளிரும் கடுமையாக இருக்கும் இடத்துக்கு இரண்டு கூடுகள் தேவையில்லை என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

சோதிக்க அதிகம் வேண்டாம். உச்சமும் தாழ்வும் பதிவாகும் வெப்பமானிகள் இரண்டு, ஈரப்பதமும் காட்டினால் நல்லது. ஒன்றைக் கூட்டுக்குள் கோழி உட்காரும் கட்டையின் உயரத்திலும் மற்றொன்றை வெளியே நிழலிலும் மாட்டுங்கள். ஒரு டார்ச் லைட், ஒரு வெள்ளைத் தாள், நூலில் கட்டிய மெல்லிய சிற்றிறகு ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி உங்கள் தலை. விடியும் முன், கதவைத் திறந்த கையோடு, கோழிகளின் தலை இருக்கும் உயரத்துக்கு உங்கள் தலையை உள்ளே கொண்டுபோங்கள். கண் எரிகிறதா, கன்னத்தில் காற்று அடிக்கிறதா, கசகசவென்று இருக்கிறதா? அந்தக் காற்றைத்தான் அவை இரவு முழுவதும் சுவாசித்திருக்கின்றன.

பொழுது சாய்ந்த பிறகும் கூட்டுக்குள் போக மறுக்கிறது

இருட்டத் தொடங்கினால் கோழி தானே கூடு திரும்பும். யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டது மரக்கிளையிலோ கூரைமேலோ ஏறி உட்கார்ந்தால், அதன் பிடிவாதத்தைத் திட்டாமல் கூட்டைச் சந்தேகப்படுங்கள்.

சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டு வெப்பமானிகளையும் பாருங்கள். உள்ளே வெளியைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்தால் காரணம் சூடு. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

வித்தியாசம் இல்லையா? அப்படியானால் நன்றாக இருட்டிய பிறகு டார்ச்சோடு உள்ளே போய், உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் தாளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தாளில் செந்நிறக் கோடுகள் விழுந்தால் சிவப்பு உண்ணி குடியேறியிருக்கிறது. பகலில் மர இடுக்குகளில் ஒளிந்துகொண்டு, இரவில் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போகும் பூச்சி இது. அதனால் பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டை சுவரோடு சேரும் மூலையில் சாம்பலைத் தூவியதுபோல் இருந்தால் அதுவும் இதன் அடையாளமே. வெயில் நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் போதும். உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கவும் இதனால் முடியும். ஒருமுறை மருந்தடித்துவிட்டு ஓய்ந்தால் வேலை முடியாது. கட்டைகளைக் கழற்றி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிட்டு, ஐந்தாறு நாள் இடைவெளியில் இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். ஆகவே வாங்கும்போது கேளுங்கள்: கட்டைகள் கையால் கழன்று வருமா? சுவருக்கு இரட்டைப் பலகை போட்டு நடுவில் இடுக்கு விட்டிருக்கிறார்களா? கூரையில் தார்த்தாள் ஒட்டியிருக்கிறதா? தார்த்தாளின் அடிப்பக்கம் இந்தப் பூச்சிக்கு அரண்மனை.

இரண்டும் இல்லையென்றால் கட்டையை அளந்து பாருங்கள். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. நீளம் வேண்டும். இடம் போதாதபோது பலமுள்ளது பலவீனமானதை விரட்டும். விரட்டப்பட்டது வெளியே நிற்கும். ஒன்றிரண்டு கோழிகள் மட்டும் மறுக்கின்றன என்றால் பெரும்பாலும் இதுதான். எல்லாமே ஒரே நாளில் திடீரென்று மறுத்தால், முந்தைய இரவு ஏதோ விலங்கு வந்து பயமுறுத்தியிருக்கலாம். வலையில் கிழிசல் தேடுங்கள்.

வாய் திறந்து இரைக்கிறது, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நிற்கிறது

முதலில் கோழியைக் கவனியுங்கள், கூட்டைப் பிறகு பார்க்கலாம். நிழலுக்குக் கொண்டுபோங்கள். கொண்டை வெளிறி, நிற்க முடியாமல் சாய்ந்தால், குளிர்ந்த நீரில் வயிறு நனையும் அளவுக்கு அமிழ்த்துங்கள். தலை வெளியே இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். குடிக்க நிழலில் வைத்த தண்ணீர் தாருங்கள். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். கடும் வெயிலில் அது இரண்டு மடங்கையும் தாண்டும். தண்ணீர் சூடேறிவிட்டால் குடிப்பதைக் குறைத்துவிடும். தீவனத்தை விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள், ஏனென்றால் செரிமானமே உடம்பில் சூட்டைக் கூட்டும்.

இப்போது கூடு. வெயில் உச்சத்தில் இருக்கும்போது உள்ளே கைவிட்டுக் கூரையின் உட்பக்கத்தைத் தொடுங்கள். கையை வைத்திருக்க முடியவில்லையா? கோழியின் தலைக்கு மேல் ஓர் அடுப்பு எரிகிறது என்று பொருள். தனித் தகரக் கூரையில் இது கட்டாயம் நடக்கும். மலிவான, பலன் தரும் சீர்திருத்தம், கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடுவது. நடுவில் காற்று ஓடினால் மேல்தகரத்தின் சூடு கீழே இறங்காது. வெள்ளை வண்ணம் பூசுவதும் உதவும். கூரைக்கு உள்ளே தெர்மாகோல் வைத்தால் அதைப் பிளைவுட்டால் முழுக்க மூடிவிடுங்கள்; கோழி தெர்மாகோலை ஆசையாகக் கொத்தித் தின்னும், துளி வெளியே தெரிந்தாலும் விடாது.

கூரை குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே புழுக்கம் என்றால், சூடான காற்று வெளியேற வழியில்லை. கட்டையில் உட்கார்ந்த கோழியின் தலைக்கு மேல் குறைந்தது ஓர் அடியாவது இடம் இருந்து, அதற்கும் மேலே திறப்பு இருக்க வேண்டும். கடைகளில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் குட்டிக் கூடுகள் பலவற்றில் இந்த உயரமே கிடையாது. கோழியின் கொண்டை கூரையை உரசும். அங்கே துளை போட்டாலும் காற்று கோழி மேலேயே அடிக்கும், போடாவிட்டால் புழுங்கும். இந்தக் குறையைச் சரிசெய்யவே முடியாது; இப்படிப்பட்ட கூட்டை வாங்காதீர்கள்.

பகலில் பரவாயில்லை, இரவில்தான் இரைக்கிறது என்கிறீர்களா? இது பகல் இரைப்பைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் உடம்பு இளைப்பாற நேரமே கிடைக்கவில்லை. செங்கல், கான்கிரீட் சுவர்களில் இதைப் பார்க்கலாம். மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்து, இருட்டிய பிறகு மெல்ல உள்ளே உமிழும். அந்தச் சுவருக்கு வெளியே ஒரு கொடிப்பந்தலோ நிழல்வலையோ போடுங்கள். புதிதாக அமைப்பவர்கள் கூட்டின் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வையுங்கள். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயில் குறுகிய சுவர்களில் மட்டும் படும். நீளமான பக்கங்களில் நிலநடுக்கோட்டை நோக்கிய பக்கத்தைத் திறப்பாக வைத்தால், குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் அந்த வழியே உள்ளே வந்து, தரையில் பரப்பியிருக்கும் கூளத்தை உலர்த்தும். கூரையின் நீட்டம் நன்றாக இருந்தால் கோடையின் செங்குத்து வெயில் அதே திறப்பில் நுழையாது. ஒரே பக்கம் இரண்டு பருவத்துக்கும் வேலை செய்கிறது. இதற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவில்லை.

நீர்த்தூவல் வைக்கலாமா என்று கேட்பார்கள். காற்று வறண்டிருந்தால் வைக்கலாம். ஈரம் மிகுந்த காற்றில் வைத்தால் கெடுதல்தான். கோழி தன் மூச்சில் ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. சுற்றிலும் காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் ஆவி எங்கே போகும்? அங்கே ஃபேன்தான் உதவும்.

பிளாஸ்டிக் கூடு பற்றி: கழுவுவது எளிது, உண்ணி ஒளிய இடுக்கு குறைவு. இரண்டும் உண்மையான நன்மைகள். முழு நிழலில் வைக்க முடியுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெயிலில் வைத்தால், அதன் சின்னத் துளைகளால் சூட்டைத் தள்ள முடியாது.

குளிர்காலக் காலையில் கூரையின் உட்பக்கம் வியர்த்திருக்கிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எனக்குத் தெரிந்து குளிர்காலக் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கூரையில் நீர்த்துளி, சன்னல் கண்ணாடியில் ஈரப்படலம், கடுங்குளிரில் ஆணித் தலைகளில் உறைந்த வெண்மை. இந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. கோழியின் மூச்சில் ஈரம் இருக்கிறது. அதற்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எல்லாம் எச்சத்தோடு சேர்ந்தே போகும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். பத்துக் கோழிகள் ஓர் இரவு முழுக்க மூடிய அறையில் இருந்தால், அவ்வளவு ஈரமும் வெதுவெதுப்பான காற்றோடு மேலே ஏறி, குளிர்ந்த கூரையில் பட்டுத் துளியாகி, திரும்ப அவற்றின் முதுகிலேயே சொட்டும். நனைந்த இறகு போர்வையாக வேலை செய்யாது.

என் முதல் குளிர்காலத்தில், பாவம் நடுங்குகின்றனவே என்று மேல்துளைகள் எல்லாவற்றையும் சாக்கால் அடைத்தேன். ஒரு வாரத்துக்குள் இரண்டு பெட்டைகளின் கொண்டை நுனி கறுத்துப்போனது. சாக்கை எடுத்த பிறகு, அதைவிடக் கடுமையான குளிர் வந்தபோதுகூட வேறு எதற்கும் அப்படி ஆகவில்லை. அன்பினால் செய்யும் தவறு என்பதால் இதைப் பலரும் செய்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காற்றோட்டம் வேறு, காற்றுவீச்சு வேறு. தலைக்கு மேலே காற்று மெதுவாக மாறிக்கொண்டே இருப்பது காற்றோட்டம். கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் இறகைக் கலைத்துக்கொண்டு போவது காற்றுவீச்சு. இறகுகளுக்கிடையே தேங்கிய வெதுவெதுப்பான காற்றுதான் அதன் கம்பளி. வீச்சு அதைப் பறித்துவிடும். நூலில் கட்டிய சிற்றிறகு இப்போது உதவும். காற்றுள்ள ஓர் இரவில் அதைக் கட்டையின் உயரத்தில் தொங்கவிடுங்கள்: அசையாமல் இருக்க வேண்டும், அல்லது மிக லேசாக ஆடலாம். கூரையை ஒட்டிய துளையருகே பிடியுங்கள்: ஆட வேண்டும்.

மேலே ஆடவில்லை என்றால் திறப்பு போதவில்லை. பத்துச் சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அடி என்பது குளிர்காலத்துக்குப் பலரும் கைக்கொள்ளும் குறைந்தபட்சக் கணக்கு. கோடைக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். எதிரெதிரான இரண்டு நீளப் பக்கங்களிலும், கூரை நீட்டத்துக்கு அடியில், நீளவாக்கில் பட்டையாகத் திறப்பு இருப்பது உத்தமம். மழையும் பனியும் சாய்ந்தடித்தால், காற்று வரும் பக்கத்துத் திறப்பைப் பாதியாக்கி, எதிர்ப்பக்கத்தை முழுதாக விடுங்கள். இரண்டையும் ஒருநாளும் முழுக்க அடைக்க வேண்டாம்.

கீழே ஆடுகிறது என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். கதவின் அடி இடுக்கு, கோழி முட்டையிடும் பெட்டியின் மூடி, பலகை விரிசல், இவைதான் வழக்கமான இடங்கள். இவற்றைத் தாராளமாக அடைக்கலாம். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய கூட்டுக்கு அடியில் கோடையில் ஓடும் காற்று பெரிய வரம். குளிரில் அதே காற்று தரைப்பலகையைச் சில்லிட வைக்கும். காற்று வரும் திசையில் மட்டும் அடிப்பகுதியை ஒரு பலகையாலோ வைக்கோல் கட்டாலோ மறைத்தால் போதும்.

ஆக, நல்ல கூட்டின் அடையாளமாக நான் கருதுவது இது. கோழியின் தலை உயரம் வரை சுவரின் ஒரு பக்கமாவது வலையாகவும், அதன்மேல் பருவத்துக்கேற்ப மாட்டிக் கழற்றும் பலகைகளோடும் இருக்க வேண்டும். தலைக்கு மேலே உள்ள பட்டைத் திறப்புக்கு மூடியே இருக்கக் கூடாது. இருந்தால் ஏதாவது ஒரு குளிர் இரவில் யாராவது மனமிரங்கி மூடிவிடுவார்கள். கோடையில் பலகைகளைக் கழற்றினால் அது வலைப்பந்தல். குளிரில் மாட்டினால், மேலே மட்டும் மூச்சுவிடும் பெட்டி.

உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருக்கிறதே என்று குளிர்காலத்தில் கலங்காதீர்கள். அது தோல்வி இல்லை. ஈரப்பத எண்ணைப் பாருங்கள். வெளியை ஒட்டியே இருந்தால் கூடு தன் வேலையைச் செய்கிறது. வெளியைவிட மிகவும் கூடுதலாக இருந்தால் இன்னும் திறக்க வேண்டும்.

கதவைத் திறந்தால் கண் எரிகிறது

அம்மோனியா. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை ஈரமான கூளத்தில் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது வருவது. காற்றில் 10 லட்சத்தில் 25 பங்கை எட்டினாலே கோழியின் மூச்சுக்குழாய்க்குத் தீங்கு தொடங்கிவிடும். அழுக்கைத் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்கள் அங்கே அழிகின்றன. பிறகு சளி, தும்மல், கண் வீக்கம் ஒவ்வொன்றாகச் சேரும். தினமும் உள்ளே போகும் நம் மூக்கு பழகிவிடும், அதை நம்பாதீர்கள். வெளியூர் போய்த் திரும்பிய அன்று உள்ளே போய் முகர்ந்து பாருங்கள், அல்லது புதிதாக வந்த ஒருவரைக் கேளுங்கள். அந்த வாடை தரையை ஒட்டித்தான் உருவாகிறது. நின்றுகொண்டு முகர்ந்தால் உங்களுக்குப் பாதிதான் தெரியும். மண்டியிடுங்கள்.

கூளத்தைக் கைநிறைய அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரியுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டி, உடனே உதிர்ந்தால் சரி. தூசியாகப் பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது, அதுவும் மூச்சுக்கு ஆகாது. ஈரம் என்றால் எங்கே என்று பாருங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி மட்டுமா? பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்குங்கள், அல்லது வெளியே மாற்றுங்கள். இருட்டில் கோழி தண்ணீர் குடிக்காது, இரவில் உள்ளே தண்ணீர் வைக்கத் தேவையில்லை. சுவரோரமா? சாரல் வருகிறது, கூரையை நீட்டுங்கள். கட்டைக்கு அடியில் மட்டுமா? அங்கே ஒரு பலகை வைத்துக் காலையில் சுரண்டிவிடுங்கள். நாளின் எச்சத்தில் பெரும் பங்கு இரவில் அங்கேதான் விழுகிறது. எங்கும் ஒரே சீராக ஈரமென்றால் கோழிகள் அதிகம் அல்லது காற்று போதாது.

ஆழ்கூள முறைக்கு மரச்சீவலோ உமியோ நான்கு அங்குலத்தில் தொடங்கி, கிளறிவிட்டு, மேலே மேலே சேர்த்து ஓர் அடி வரை போகலாம். கூடு வாங்கும்போது கதவின் வாசற்படி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். படி இரண்டு அங்குலம்தான் என்றால் இந்த முறை அங்கே நடக்காது. கதவைத் திறக்கும்போதெல்லாம் கூளம் வெளியே கொட்டும். கழுவ எளிது என்று இழுத்தெடுக்கும் தட்டோடு வரும் கூடுகளிலும் இதே சங்கடம்.

கொண்டை நுனி சாம்பலாகி, பிறகு கறுக்கிறது

உறைபனிக் காயம். பெரிய ஒற்றைக் கொண்டை உள்ள இனங்களுக்கும் சேவல்களுக்கும் முதலில் வரும். தலையை ஒட்டித் தாழ்ந்திருக்கும் ரோஜாக் கொண்டை, பட்டாணிக் கொண்டை உள்ளவை பெரும்பாலும் தப்பிக்கும். தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், கறுத்த நுனியை வெட்டாதீர்கள். அடியில் இருக்கும் உயிருள்ள சதைக்கு அந்தக் கறுப்புத்தான் மூடி. வீங்கினாலோ சீழ் வைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காரணம் தேடும் வரிசை: கூரை வியர்க்கிறதா என்று பாருங்கள்; ஆமென்றால் மேலே சொன்ன மேல்திறப்பைச் சரிசெய்யுங்கள், அநேகமாக அதோடு தீரும். உலர்ந்துதான் இருக்கிறது என்றால், கட்டை உயரத்தில் காற்றுவீச்சு இருக்கிறதா என்று இறகைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விரல்களில் காயம் என்றால் கட்டையின் குறுக்களவைப் பாருங்கள். உருண்டைக் குச்சியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தால் விரல் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எட்டு ஒன்பது செ.மீ. அகலமுள்ள சட்டத்தை அகலப்பக்கம் மேலே வருமாறு வைத்தால், பாதத்தின் மேல் மார்பு இறகு கவிந்து மூடிக்கொள்ளும். இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய் இரண்டும் கட்டைக்கு உதவாது.

சூட்டு பல்பு மாட்டலாமா? வளர்ந்த கோழிகளுக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். காய்ந்த கூளம், இறகுத் தூசி, படபடக்கும் இறக்கை, ஒற்றைக் கொக்கியில் தொங்கும் கொதிக்கும் பல்பு. கூடுகள் தீப்பிடிக்க இதைவிட வேறொன்றும் வேண்டாம். தீ பிடிக்காவிட்டாலும், வெதுவெதுப்புக்குப் பழகிய கோழிக்கு ஓர் இரவு மின்சாரம் போனால் திடீர்க் குளிரைத் தாங்க முடியாது. இலையுதிர் காலத்திலிருந்து படிப்படியாகப் பழகிய கோழிக்கு அது ஓர் இரவு, அவ்வளவே. குஞ்சுகளுக்குச் சூடு தேவை. அதற்கான அடைகாப்பு இடம் வேறு, அது இந்தக் கூட்டில் சேராது.

முட்டை குறைந்துவிட்டது

கோடையில் குறைந்து, ஓடும் மெலிந்திருந்தால் அது இரைப்போடு சேர்ந்த விஷயம். இரைக்க இரைக்க ரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறி, ரத்தம் காரத்தன்மை கொள்கிறது. ஓடு கட்டுவதற்குக் கிடைக்க வேண்டிய கால்சியம் குறைகிறது. தீவனமும் குறைவாகத்தான் தின்கிறது. கிளிஞ்சல் தூள் கொடுங்கள், ஆனால் கூட்டைக் குளிர்விக்காமல் அது மட்டும் போதாது.

குளிரில் குறைந்தால் கூட்டின் மேல் பழி போடாதீர்கள். பகல் சுருங்குவதுதான் காரணம். முட்டை தொடர்ந்து வர ஏறக்குறைய 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். சூடேற்றிய கூடு வாங்கினாலும் நாள் நீளாது. விளக்கு வைப்பதானால் விடியலுக்கு முன் எரியும்படி டைமர் வையுங்கள். மாலையில் சட்டென்று அணைந்தால் கட்டை ஏறாத கோழி இருட்டில் தரையிலேயே தவிக்கும். நான் விளக்கு வைப்பதில்லை. இறகுதிர்த்து, புது இறகு முளைத்து, கோழி இளைப்பாறும் காலம் அது.

குளிர்காலம் வந்தால் ஒன்றையொன்று கொத்துகின்றன

இடம் போதவில்லை. உள்ளே ஒரு கோழிக்கு நான்கு சதுர அடி, வலையடைத்த முற்றத்தில் எட்டு முதல் பத்து. கூட்டின் அட்டையில் போட்டிருக்கும் எண்ணிக்கையை நம்பாமல் நீங்களே நாடா வைத்து அளங்கள். தரையை மட்டும் அளங்கள். முட்டைப் பெட்டியின் பரப்பு கணக்கில் வராது. பலமுறை அட்டை எண்ணிக்கையில் பாதிதான் தேறும். கோடையில் நாளெல்லாம் வெளியே திரிவதால் இந்தக் குறை தெரியாது. பனியும் வாடைக்காற்றும் வாரக்கணக்கில் உள்ளே அடைத்து வைக்கும்போதுதான் வெளிப்படும். அதனால் கூட்டின் அளவைக் குளிர்காலத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். முற்றத்தின் மேல் ஒரு கூரையும் காற்று வரும் பக்கம் ஒரு தடுப்பும் போட முடிந்தால் அதுவே ஓர் அறைக்குச் சமம். அதே கூரை கோடையில் நிழல்.

திறப்பு வைத்தால் ஏதாவது உள்ளே வந்துவிடுமே

நியாயமான பயம். இந்தப் பயத்தால்தான் பலர் அடைத்துவிடுகிறார்கள். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே வைத்திருக்கும், விலங்கை வெளியே நிறுத்தாது. எல்லாத் திறப்புகளிலும் 12 மி.மீ. கண் உள்ள, வெல்டிங் செய்த சதுர வலையைச் சட்டத்தோடும் திருகாணியோடும் பிடியுங்கள்; ஸ்டேப்லர் ஊசி போதாது. தோண்டி வரும் விலங்குகளுக்கு, சுவரடியிலிருந்து வெளிப்புறமாக ஓர் அடிக்கு மேல் வலையைப் படுக்கவைத்து மண் மூடுங்கள்.

சீர்படுத்துவதா, மாற்றுவதா?

உயரமும் தரைப்பரப்பும் போதுமானால் எந்தக் கூட்டையும் சீர்படுத்தலாம். துளை போடலாம், கூரை நீட்டலாம், கட்டை மாற்றலாம். உயரமோ பரப்போ இல்லையென்றால் அதைக் குஞ்சுகளுக்கும் நோயுற்ற கோழிக்கும் ஒதுக்கிவிட்டு வேறு பாருங்கள்.

புதியது பார்க்கப் போகும்போது நாடாவோடு போங்கள். உட்காரும் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியிலேயே தூங்கி அதை அசுத்தமாக்கும். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி, ஓர் அடிக்கு ஓர் அடி. பலகையின் கனத்தைக் கதவின் ஓரத்தில் பாருங்கள். மெல்லிய பலகை ஒரு கோடையில் வளைந்து, அடுத்த குளிரில் இடுக்கு விடும், நீங்கள் அடைக்க வேண்டிய காற்றுவீச்சு அங்கிருந்துதான் வரும். பிறகு கட்டைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள உயரத்தை அளங்கள். இரண்டரை அடிக்குக் குறைந்தால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

கோழிகளைப் புதுக்கூட்டுக்கு மாற்ற மிதமான பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். புது வீடு இதுதான் என்று பழக, மூன்று நான்கு நாட்கள் கூட்டிலும் அதை ஒட்டிய முற்றத்திலுமாக அடைத்து வைக்க வேண்டியிருக்கும், உச்ச வெயிலில் அதைச் செய்ய முடியாது. இருட்டிய பிறகு தூக்கிக் கொண்டுபோய்க் கட்டையில் உட்கார வையுங்கள். முதல் இரவே வெப்பமானியை மாட்டிவிடுங்கள், விடியும் முன் ஒருமுறை தலையை உள்ளே விட்டுப் பாருங்கள்.